ஜுக்ராஜை எடுத்திருந்தால் யாரை விட்டிருப்போம்?

2024 ஆகஸ்ட் 6, ராத்திரி பத்தரை மணி. பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஆண்கள் ஹாக்கி அரையிறுதி, இந்தியாவும் ஜெர்மனியும். சித்தப்பா வீட்டு ஹாலில் நான், சித்தப்பா, பாதித் தூக்கத்தில் அவர் பேரன். சித்தப்பா காலேஜில் ரைட் ஹாஃப் ஆடியவர். முழங்காலில் இன்னும் தழும்பு இருக்கிறது, கேட்காமலே காட்டுவார். அன்றைக்கு இந்தியாவுக்குப் பத்துக்கு மேல் பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல் விழுந்தது இரண்டு. ஆட்டம் 2-3. ஒவ்வொரு கார்னர் வீணாகும்போதும் ரெண்டு பேரும் ஒரே பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தோம்: "ஜுக்ராஜ் எங்கடா?"

ஜுக்ராஜ் சிங் எங்கே இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். மாற்று ஆட்டக்காரர்கள் பட்டியலில் இருந்தார். ட்ராக் ஃப்ளிக்கையே தொழிலாகக் கொண்ட ஒருத்தரை வெளியில் உட்காரவைத்துவிட்டு கார்னரை வீணடிக்கிறார்களே என்பதுதான் எங்கள் கோபம். அடுத்த நாள் காலையில் பால் வாங்கப் போன இடத்திலும் அதையே பேசினேன். ஒரு வாரம் பேசியிருப்பேன்.

பிறகு ஒரு நாள், இதைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தபோது ஒரு சின்னக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். பதினாறு பேர்தான் கணக்கு. ஜுக்ராஜ் உள்ளே வந்தால் யார் வெளியே? அந்த ஒரு வாரமும் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

அந்தப் பதினாறு பேர் இவர்கள். கோல் காக்க ஸ்ரீஜேஷ். பின்வரிசையில் ஹர்மன்பிரீத், அமித் ரோஹிதாஸ், ஜர்மன்பிரீத், சுமித், சஞ்சய். நடுவில் மன்பிரீத், ஹார்திக், விவேக் சாகர் பிரசாத், ஷம்ஷேர், ராஜ்குமார் பால். முன்வரிசையில் மன்தீப், லலித் உபாத்யாய், அபிஷேக், சுக்ஜீத், குர்ஜந்த். வெளியே மாற்றாக மூன்று பேர்: ஜுக்ராஜ், நீலகண்ட சர்மா, கோல்கீப்பர் கிருஷன் பதக்.

ஒலிம்பிக்ஸில் பதினாறு என்பது கொடுமையான எண். களத்தில் பதினொன்று, பெஞ்சில் ஐந்து. ஆட்டம் பதினைந்து நிமிடம் வீதம் நாலு பகுதி. ஆள் மாற்றத்துக்குக் கணக்கே கிடையாது, போனவர் திரும்பி வரலாம். அதனால் நடுவரிசையும் முன்வரிசையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். பின்வரிசையின் நடுவில் நிற்பவர்கள் அதிகம் மாறுவதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் விவாதங்களில் "டீமில் இருக்கிறார்", "டீமில் இல்லை" என்று ரெண்டே ரெண்டு நிலைதான் உண்டு. கோச்சுக்கு அப்படியில்லை. யார் எப்போது, யாரோடு, எத்தனை நிமிடம் என்பதுதான் அவர் வேலை.

இப்போது பெனால்டி கார்னருக்கு வருவோம். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். தற்காக்கும் அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள், மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். அடிக்கும் அணியில் ஒருவர் கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிடுவார், வட்டத்தின் மேல்முனையில் ஒருவர் நிறுத்துவார், ஃப்ளிக் அடிப்பவர் மட்டையில் பந்தை இழுத்துச் சுழற்றி விடுவார். பந்து தள்ளப்பட்ட அதே நொடியில் எதிரணியில் ஒருவர் கோல் கோட்டிலிருந்து அந்த ஃப்ளிக்கரை நோக்கி நேராக ஓடுவார். இவர்தான் ஃபர்ஸ்ட் ரஷர். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும் பந்துக்கு முகமூடியும் முழங்கால் காப்பும் மட்டும் போட்டுக்கொண்டு குறுக்கே ஓடுகிற வேலை. தைரியம் மட்டும் போதாது, கோணமும் நேரமும் கச்சிதமாக அமைய வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்ட நொடியிலிருந்து அது முடியும்வரை ஆள் மாற்றக் கூடாது. தற்காக்கும் அணியின் கோல்கீப்பர் அடிபட்டாலோ வெளியேற்றப்பட்டாலோ மட்டும்தான் விலக்கு. அதாவது, "ஜுக்ராஜை பெஞ்சில் வைத்துக்கொள், கார்னர் கிடைத்ததும் இறக்கு" என்பது நடக்காத காரியம். கார்னர் கிடைக்கும்போது அவர் ஏற்கெனவே களத்தில் நின்றிருக்க வேண்டும். நின்றால் எங்கே நிற்பார்? பின்வரிசையில். அங்கே ஏற்கெனவே ஹர்மன்பிரீத் இருக்கிறார், கேப்டன், முதல் ஃப்ளிக்கர். பக்கத்தில் ரோஹிதாஸ்.

இந்த ரோஹிதாஸ்தான் விஷயமே.

அமித் ரோஹிதாஸ் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துக்காரர். ஹர்மன்பிரீத்துக்கு அடுத்த ஃப்ளிக்கர் அவர். அதைவிட முக்கியமாக, இந்தியாவின் ஃபர்ஸ்ட் ரஷர் அவர்தான். ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டனுடன் காலிறுதி. 17-வது நிமிடத்தில் அவருடைய மட்டை எதிராளி முகத்தில் பட்டது. ரெட் கார்டு. மீதி நாற்பது சொச்சம் நிமிடமும் பத்துப் பேராக ஆடி, அதிலேயே ஹர்மன்பிரீத் ஒரு கோலும் போட்டு, 1-1, ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்கள். நான் பார்த்த இந்திய ஹாக்கி ஆட்டங்களில் அதுக்கு மேல ஒண்ணு சொல்லத் தெரியல. ஆனால் ரோஹிதாஸுக்கு அடுத்த ஆட்டம் தடை. மேல்முறையீடு செய்தார்கள், எடுபடவில்லை.

ஆக, அரையிறுதியில் ஒரு ஆள் குறைந்ததால் இந்தியாவுக்கு ரெண்டு வேலைக்கு ஆள் இல்லாமல் போனது. நாங்கள் டிவி முன்னால் கத்தியது ஒரு வேலையைப் பற்றி மட்டும்: இரண்டாவது ஃப்ளிக்கர் இல்லை. இன்னொன்றை நாங்கள் பேசவே இல்லை. 18-வது நிமிடத்தில் ஜெர்மனி ஆட்டத்தைச் சமன் செய்தது பெனால்டி கார்னரில்தான். அடித்தவர் கொன்சாலோ பெய்யாட். 2016-இல் அர்ஜென்டினாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அணியில் இருந்து, பிறகு ஜெர்மனிக்கு ஆட வந்த அதே பெய்யாட். அந்த மாதிரி ஆளுக்கு எதிரே முதலில் ஓடுகிறவர் கேலரியில் உட்கார்ந்திருந்தார். ரோஹிதாஸ் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஜுக்ராஜ் உள்ளே இருந்திருந்தால் என்று கற்பனை செய்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் கற்பனை செய்ய வேண்டும் இல்லையா? ஃப்ளிக் அடிப்பவனைத் தேடுகிறோம், ஃப்ளிக்கின் குறுக்கே ஓடுகிறவனை யாரும் தேடுவதில்லை. கோல் போட்டவர் பெயர் திரையில் வரும். ஓடிப்போய் முழங்காலில் வாங்கிக்கொண்டவர் பெயர் வராது.

சரி, யாரை விடுவது? சித்தப்பாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"குர்ஜந்த்."

"ஏன் சித்தப்பா?"

"எட்டு மேட்ச் ஆடினாங்கடா. அவன் எத்தனை கோல் போட்டான் சொல்லு?"

பூஜ்ஜியம். உண்மைதான். பாரிஸில் இந்தியா போட்டது மொத்தம் 15 கோல். அதில் 10 ஹர்மன்பிரீத். அபிஷேக் 2, மன்தீப், விவேக், சுக்ஜீத் தலா 1. ஐந்து முன்வரிசைக்காரர்கள் சேர்ந்து எட்டு ஆட்டத்தில் நாலே கோல். இந்தக் கணக்கை வைத்துத்தான் முன்வரிசையைத் திட்டினார்கள், நானும் திட்டினேன். குர்ஜந்தும் லலித்தும்தான் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டது.

ஆனால் ஹர்மன்பிரீத்தின் பத்தும் பெனால்டி கார்னரும் ஸ்ட்ரோக்கும்தான். அந்தக் கார்னர்களை யார் சம்பாதித்தார்கள்? எதிரணி வட்டத்துக்குள் பந்தைக் கொண்டுபோய், தற்காப்பாளன் காலில் படவைத்து, விழுந்து எழுந்து வாங்கியதில் பெரும்பங்கு முன்வரிசை. லலித் கணக்கில் ஒரு கோலும் இல்லை. ஆனால் பிரிட்டனுடன் ஷூட் அவுட்டில் மூன்றாவதாகப் போய்ப் போட்டவர் அவர்தான். ஷூட் அவுட் கோலை ஆட்டக்காரர் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால் பட்டியலில் அவருக்கு எதிரே சைபர்.

குர்ஜந்த் விஷயத்தில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. 2023 ஆகஸ்ட் 12, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம், மலேசியாவோடு. அடித்துப்பிடித்து டிக்கெட் வாங்கிப் போயிருந்தேன். இடைவேளையில் 1-3 என்று பின்தங்கி, கடைசியில் 4-3. முதல் கோல் ஜுக்ராஜ். மூன்றாவது கோல், அதாவது சமன் செய்த கோல், குர்ஜந்த். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் மின்சார ரயிலில் வீடு திரும்பினேன். ஆனால் அன்றைக்கு என் மனதில் நின்றது கோல் அல்ல. நேரில் பார்க்கும்போது பந்து இல்லாத இடமும் தெரிகிறது. மலேசியாவின் பின்வரிசை பந்தை வெளியே எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் குறுக்கே ஓடி ஒரு பக்க வழியை அடைக்கிறார், அவர்கள் பந்தைத் திருப்பி அனுப்புகிறார்கள், இவர் மறுபடி அந்தப் பக்கம் ஓடுகிறார். நாலைந்து நிமிடம் இப்படி ஓடிவிட்டு, பெஞ்சுக்கு வந்து, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுத்தவர் போய் அதே வேலையைச் செய்கிறார். இந்த ஓட்டத்துக்குத்தான் வேகமான ஐந்து பேர் வேண்டும். நாலு பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் ஓட்டம் கூடும், கடைசிப் பகுதியில் கால் நிற்கும்.

டிவியில் இது தெரியாது. கேமரா பந்தின் பின்னாலேயே போகும். இந்தக் குறிப்புக்காக அரையிறுதியை மறுபடி போட்டு, நோட்டில் கோடு போட்டு, யார் எப்போது உள்ளே வந்தார் எப்போது வெளியே போனார் என்று எழுதப் பார்த்தேன். முதல் பகுதி முடிவதற்குள் கைவிட்டேன். குர்ஜந்த் களத்தில் இருக்கிறாரா பெஞ்சில் இருக்கிறாரா என்பதே பல இடங்களில் தெரியவில்லை. ஆட்டம் முடிந்து வெளியிடப்படும் அறிக்கையைப் பார்த்தால் கோல், கார்டு, கார்னர் எல்லாம் இருக்கும், ஆள்வாரியாக எத்தனை நிமிடம் என்பது இருக்காது. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்-இல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொருவரும் பனித்தளத்தில் இருந்த நேரத்தை நிமிடம், விநாடி என்று வெளியிடுகிறார்கள். அங்கே ரசிகர்கள் கோச்சோடு சண்டை போட்டால் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. இங்கே நம் கையில் பெயர்கள்தான் இருக்கின்றன. அதனால் நம் சண்டை பெயர்களைச் சுற்றியே நடக்கிறது, வயது, மாநிலம், முன்பு போட்ட கோல். பதினாறில் பாதிப் பேர் பஞ்சாப். தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. சித்தப்பாவுக்கு அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம் இல்லையே என்று தனியாக ஒரு வருத்தம். அதில் நியாயம் உண்டா என்று பார்க்கவும் எனக்கு வழியில்லை.

ரசிகர்கள் இப்படிச் சந்தேகப்படுவதை முழுசாகக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. பழைய சூடு ஒன்று இருக்கிறது. 1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் இந்தியா தங்கம் வாங்கியது, 32 வருடம் கழித்து. அடுத்த அணி அறிவித்தபோது தன்ராஜ் உட்பட மூத்த ஆட்டக்காரர்கள் பலர் இல்லை. 'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். காசு கேட்டதற்கும் வாய் திறந்ததற்கும் தண்டனை என்றுதான் ஊர் முழுக்கப் புரிந்துகொண்டது. கோச் கௌஷிக்கும் போனார். ஜெயித்த அணியைக் கலைத்ததைப் பார்த்தவர்களிடம் போய், 'தேர்வில் காரணம் இருக்கும், பொறுமையா யோசிங்க' என்று சொன்னால் சிரிப்பார்கள். சித்தப்பா சிரித்தார்.

ஆனால் இப்போதைய பட்டியல்களை அந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் தவறாகத்தான் தெரியும். அதற்கு டோக்கியோவையே எடுத்துக்கொள்ளலாம். அங்கேயும் முதலில் பதினாறுதான். சிம்ரன்ஜீத் சிங்கும் வருண் குமாரும் மாற்று. கோவிட் காரணமாக, பதினெட்டுப் பேரையும் அணியில் வைத்து ஆட்டத்துக்குப் பதினாறு பேரைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அப்படி உள்ளே வந்த சிம்ரன்ஜீத் ஸ்பெயினுடன் ஒரு கோல். பிறகு ஜெர்மனியுடன் வெண்கலத்துக்கான ஆட்டம். 1-3 என்று பின்தங்கி 5-4 என்று ஜெயித்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஐந்தில் ரெண்டு அவருடையது. 41 வருடம் கழித்து வந்த பதக்கத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு, ஒரு தொற்றுநோய் விதி மாறாவிட்டால் களத்துக்கே வந்திருக்க மாட்டாதவருடையது. தேர்வுக்குழு அவரைப் பதினாறுக்கு வெளியே வைத்தபோது எங்கள் வீட்டில் ஒருத்தரும் கோபப்படவில்லை. எனக்கு அவர் பெயரே சரியாகத் தெரியாது. பாரிஸ் பதினாறில் அவர் இல்லை, அதற்கும் எங்களுக்குக் கோபம் வரவில்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், பாரிஸ் தேர்வில் குறையே இல்லை என்று சொல்கிறேனா? இல்லை. ஃபர்ஸ்ட் ரஷர், இரண்டாவது ஃப்ளிக்கர் இரண்டையும் ஒரே ஆள் தலையில் வைத்தது குறைதான். பதினாறு என்று தெரிந்த பிறகு, கார்டு வாங்கவோ அடிபடவோ எல்லாரையும்விட வாய்ப்புள்ள இடத்தில் நிற்கிறவரிடம் ரெண்டு சாவியையும் கொடுத்திருக்கக் கூடாது. சஞ்சய் ஜூனியர் காலத்திலிருந்தே ட்ராக் ஃப்ளிக் அடிப்பவர், 2021 ஜூனியர் உலகக் கோப்பையில் ஹாட்ரிக் போட்டவர். அவர் இருப்பதால் ஜுக்ராஜ் தேவையில்லை என்று கோச் கிரெய்க் ஃபுல்டன் நினைத்திருந்தால் அது நியாயமான எண்ணம். ஆனால் அப்படியென்றால் அரையிறுதிக்கு முன்பே சஞ்சய் பெரிய ஆட்டங்களில் கார்னர் அடித்துப் பழகியிருக்க வேண்டும். பாரிஸில் அதுவரை கார்னர் என்றால் ஹர்மன்பிரீத்தான். அவர் அடித்துக்கொண்டே இருந்தார், எதிரணிகள் அவரைப் படித்துக்கொண்டே இருந்தன. என் புகார் ஆளை எடுத்த விதத்தில் இல்லை, எடுத்த ஆளைப் பயன்படுத்திய விதத்தில்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. நிரூபிக்க முடியாது, சொல்லி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிடத்துக்கு மேல் பத்துப் பேராக ஓடியவர்கள், செவ்வாய்க்கிழமை பெஞ்சில் ஒரு ஆள் குறைவாக இறங்கினார்கள். ஜெர்மனியின் மூன்றாவது கோல் 54-வது நிமிடத்தில் விழுந்தது. ரோஹிதாஸ் இல்லாததன் உண்மையான விலை கார்னரில் தெரிந்ததைவிட அந்தக் கடைசிப் பத்து நிமிடக் கால்களில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நிமிடக் கணக்கு கையில் இருந்தால் என்னை யாராவது மறுக்கலாம், நானும் சந்தோஷமாகத் தோற்பேன்.

குர்ஜந்தை விட்டுவிட்டு ஜுக்ராஜை எடுத்திருந்தால்? ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு விழாதவரை ஜுக்ராஜ் பெரும்பாலும் பெஞ்சில், முன்வரிசையில் நாலே பேர். ஆஸ்திரேலியாவை 3-2 என்று, ஒலிம்பிக்ஸில் 52 வருடம் கழித்து ஜெயித்த ஆட்டத்தை நாலு முன்வரிசைக்காரர்களோடு ஓடியிருக்க முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. சித்தப்பாவுக்கு இருக்கிறது. இதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை, போகவும் மாட்டோம்.

செப்டம்பர் 17, சீனாவில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி. சீனாவே எதிரணி. ஐம்பது நிமிடம் கோலே இல்லை. 51-வது நிமிடத்தில் ஒரே ஒரு கோல், இந்தியா ஜெயித்தது. போட்டவர் ஜுக்ராஜ் சிங். விசில் ஊதி முடிவதற்குள் சித்தப்பாவின் போன்.

"பாத்தியா? அன்னைக்கே சொன்னேன்ல!"

"சித்தப்பா, அது பெனால்டி கார்னர் இல்ல. ஹர்மன்பிரீத் வட்டத்துக்குள்ள வந்து பந்தைக் கொடுக்க, ஜுக்ராஜ் அடிச்சார். ஃபீல்டு கோல்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப அவனை ஃபார்வர்டா ஆட வைக்கலாமேடா" என்றார்.